அக்காவைத் திரும்பக் கறுப்பாக்கினேன்

1

"வெளிநாட்டுக்குப் போனவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. செத்த அக்காவ பல்லக் காட்டிச் சிரிக்கிற மாதிரி வரைஞ்சு கொண்டாந்து, அத மாட்டச் சொல்லி தெவசத்தன்னிக்குச் சண்ட போட்டுட்டுப் போயிருக்கா."

இரத்தோட்டையில் என்னைப் பற்றி இப்படி ஒரு பேச்சு ஓடுகிறதாம். பஸ் ஸ்டாண்டில் தொடங்கி மலையில் மேல் டிவிஷன் வரைக்கும் ஏறிவிட்டதாம். பேச்சில் பெரிய பிழை இல்லை, எல்லாம் நடந்ததுதான். ஆனால் வாய்க்கு வாய் மாறும்போது நான் அக்காவுக்குக் கொம்பு வைத்து வரைந்தேன் என்றும் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் லெச்சுமி. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவள். கலியாணம் கட்டி டொரொண்டோவுக்கு வந்து, இங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். காலையில் கஞ்சி, பகலில் சூப்பு, பின்னேரம் குழைய அவித்த மரக்கறி. பல்லில்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் அரைத்துக் கொடுக்க வேண்டும். கணவர் லொறி ஓட்டுகிறார், கிழமையில் பாதி ரோட்டிலேயே போய்விடும். ஒரே மகள் அனு, கல்லூரியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலிசில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தாலும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு இருக்கிற மாதிரிதான்.

செத்துப்போனவள் என் அக்கா செல்லாயி. "காலமானார்", "இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதலாம். அக்காவுக்கு அந்த மாதிரி மெழுகிய பேச்சு பிடிக்காது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளையின் விரல் தராசுப் பக்கம் போனால், "வெரல எடுங்கய்யா, கொழுந்த மட்டும் நிறுங்க" என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்வாள். அவள் வரிசையில் நிற்கும் நாளில் மற்றப் பெண்களுக்கும் நிறை சரியாக வரும். அப்படிப்பட்டவள்.

2

செய்தி வேலை நேரத்தில் வந்தது. அக்காவின் ஒரே மகன் யோகேஸ். மாத்தளையில் ஒரு போன் கடையில் வேலை. அழுதுகொண்டே சொன்னான்.

"சின்னம்மா, அம்மா போயிருச்சு. பைப்புல தண்ணி புடிக்கப் போன எடத்துல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துச்சாம். எந்திரிக்கவே இல்ல."

நான் கரண்டியோடு நின்றேன். சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மேற்பார்வை பார்க்கிற பெண்ணிடம் போய் எனக்குத் தெரிந்த இங்கிலிசில், "மை சிஸ்டர் எக்ஸ்பயர்ட்" என்றேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நம் ஊர் லீவுக் கடிதங்களில் செத்தவர்கள் எல்லாரும் எக்ஸ்பயர் ஆனவர்கள்தான். இங்கே அந்தச் சொல்லைப் பால் பெட்டியிலும் தயிர் டப்பாவிலும்தான் பார்க்கலாம். அவள் குளிர்பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் விளங்கி ஓடிவந்து கட்டிப் பிடித்தாள். நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது மேல் மாடி அலுவலகத்தை. துக்க லீவு வேண்டுமென்றால் செத்தவள் என் உடன்பிறப்புத்தான் என்று அத்தாட்சி காட்ட வேண்டுமாம். என் பெயருக்குப் பின்னால் புருஷன் பெயர், அவள் பெயருக்கு முன்னால் அப்பா பெயர். இரண்டும் பொருந்தவில்லையாம். "நீங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்கள்.

படம்! எங்கள் லயத்துக்குக் கமரா வருவதென்றால் ஒன்று கலியாணத்துக்கு, இல்லையென்றால் எலெக்ஷனுக்கு. அக்கா இரண்டிலும் கமராவுக்கு முன்னால் வரமாட்டாள். நான் ஊருக்குப் போன நேரங்களில் போனைத் தூக்கினால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். வீடியோவில் கூப்பிட்டால் போனை வழக்கம்போலக் காதில் வைத்துக்கொண்டு பேசுவாள். "அக்கா, மொகத்துக்கு நேரா புடி" என்று கத்தினால், "காது கேக்குது, கத்தாத" என்பாள். இத்தனை வருஷமும் நான் வீடியோவில் பார்த்தது அவள் காதையும் கொஞ்சம் கூரைத் தகரத்தையும்தான்.

என்னுடைய பாஸ்போர்ட் அந்த நேரம் புதுப்பிக்கப் போயிருந்தது. அவசரம் என்று சொல்ல ஒரு நம்பர் இருந்தது. அந்த நம்பரில் ஒரு பாட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நம் பக்கத்தில் பிணத்தை அதிக நேரம் வைத்திருக்க மாட்டார்கள். யோகேஸின் கூட்டாளி ஒருத்தன் போனைப் பிடித்து எனக்கு அடக்கத்தைக் காட்டினான். சிக்னல் வந்து வந்து போனது. நான் பார்த்தது நிறையக் கால்கள், செருப்பில்லாத கால்கள், சேற்றில். அக்கா முகத்துக்குக் கிட்டப் போகும்போது படம் நின்றுவிட்டது.

3

கருமாதி அன்றைக்கு யோகேஸ் ஒரு படம் அனுப்பினான். கீழே, "அம்மா படம், நல்லா வந்திருக்கு இல்ல?" என்று எழுதியிருந்தான்.

யார் இது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மாலை போட்ட சட்டத்துக்குள் ஒரு வெளுத்த அம்மா. நீலப் பட்டுச் சேலை, தோளில் மடிப்புக் கலையாமல். கழுத்தில் தாம்புக்கயிறு போல ஒரு தங்கச் சங்கிலி. காதில் கல் வைத்த தோடு. உதட்டில் ரோஸ் சாயம். பின்னால் நீர்வீழ்ச்சி. இடது புருவத்தைப் பிளந்துகொண்டு போகும் தழும்பு, மரம் முறிந்து விழுந்தபோது வந்தது, அது இருந்த இடம் பாணுக்கு மாஜரீன் பூசிய மாதிரி வழவழவென்று இருந்தது. கண்கள் மட்டும் அக்காவுடையவை. அதுவும் அடையாள அட்டைக்காக முழித்த கண்கள்.

உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. நம் பக்கம் எல்லா ஸ்டூடியோவிலும் இதுதான் வழக்கம். வீட்டுக்காரர்கள் அடையாள அட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர்கள் தலையை மட்டும் வெட்டி எடுத்து, தயாராக வைத்திருக்கிற உடம்பில் ஒட்டுவார்கள். ஆண் என்றால் கோட்டும் டையும். பெண் என்றால் பட்டும் நகையும். பிறகு வெளுப்பாக்குவார்கள். அடுத்தடுத்த லயத்தில் செத்துப்போன மூன்று பெண்களுக்கு ஒரே கழுத்து, ஒரே சேலை. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நானும் எத்தனையோ சாவு வீட்டில் அந்தப் படங்களைக் கும்பிட்டவள்தான். என் வீட்டுக்குள் அது வந்தபோதுதான் வயிறு எரிந்தது.

ஸ்டூடியோவுக்கே போன் போட்டேன். ஒரு பையன் பேசினான், நல்ல தன்மையாக.

"அக்கா, எல்லாருக்கும் இப்படித்தான் செய்றது. ஐடியில உள்ள மாதிரியே கறுப்பா வச்சா வீட்டாக்கள் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் லைட்டாக்கித் தரவா?"

போனை வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் என் வாயில் வந்ததைக் கேட்டு அந்தப் பையன் வேலையை விட்டிருப்பான்.

அனுவிடம் காட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஃபில்டர்மா. எவ்ரிபடி டஸ் இட்" என்றாள். அவள் தன் படங்களுக்கும் அதைத்தான் போடுகிறாளாம். காட்டினாள். என் வயிற்றில் பிறந்த பிள்ளை, என் நிறத்தில் பிறந்த பிள்ளை, அதில் பால் கலந்த தேத்தண்ணி மாதிரி இருந்தாள்.

4

அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளைச் சொல்ல வேண்டும்.

அக்கா நல்ல கறுப்பு. லயத்தில் அவளைக் "கறுப்பி" என்றே கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பக்கத்து வீட்டு மாமி அவள் முகத்தில் அரை டப்பா பவுடரை அப்பிவிட்டிருந்தாள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தேத்தண்ணி கொண்டுபோன அக்கா, கிளாசைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாவற்றையும்.

"நல்லா பாத்துக்கங்க. இதுதான் நெறம். பொறகு மழையில நனைஞ்சதுக்கப்புறம் ஏமாத்திட்டாங்கன்னு சொல்லக் கூடாது" என்றாள்.

அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைக் கட்டினேன் என்று அக்கா பிறகு சொல்வாள். மச்சான் நல்ல மனுஷன், யோகேஸ் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார்.

இப்படிப் பவுடரைத் துடைத்தவளுக்குத்தான் செத்த பிறகு பவுடர் போட்டிருக்கிறார்கள். அவளால் இனித் துடைக்க முடியாது.

அது கோபம். அதற்குப் பிறகு வந்தது பயம். ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது அக்காவை நினைத்தேன். நீர்வீழ்ச்சிக்கு முன்னால் பட்டுச் சேலையோடு அந்த அம்மா வந்து நின்றாள். கண்ணை இறுக்கிப் பார்த்தேன். மலைத்தண்ணி விழுகிற பீலியடியில் துணி அடிக்கிற அக்கா வந்தாள், அவளுக்கும் அந்த வெளுத்த முகம். தேயிலைச் செடிக்கு மட்டம் பார்க்கிற மட்டக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அக்காவுக்கும் அதே முகம். போன் பக்கத்திலேயே இருக்கிறது, திறந்தால் அந்தப் படம்தான். பார்க்கப் பார்க்க அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, உண்மையானவளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அக்கா இரண்டாம் தடவை சாகிறாள் என்று விளங்கியது. முதல் சாவுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதற்கு விடமாட்டேன் என்று முடிவெடுத்தேன்.

5

எங்கள் இல்லத்தில் புதன்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படம் வரைகிற வகுப்பு நடக்கும். புருஷனை இழந்தவர்கள், மனைவியை இழந்தவர்கள், பிள்ளையை இழந்தவர்கள் வந்து உட்கார்ந்து நிறம் பூசுவார்கள். ஹெலன் என்று ஒரு பெண் சம்பளமில்லாமல் வந்து நடத்துகிறாள். வேலை முடிந்து நான் அங்கே போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஹெலன் கிட்ட வந்து மெல்லிய குரலில், "உங்கள் துக்கத்துக்கு என்ன நிறம் என்று யோசியுங்கள்" என்றாள்.

"என் துக்கத்துக்கு நிறம் கிடையாது. என் அக்காவுக்கு நிறம் இருக்கிறது. எனக்கு அது வேண்டும்" என்றேன். என் இங்கிலிசில் அது சண்டைக்கு வந்த மாதிரி விழுந்திருக்கும். இருக்கட்டும். அவள் நிறப் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்தாள். யாரோ தானமாகக் கொடுத்த பழைய பெட்டி. அதில் ஒரு குழாயில் "தோல் நிறம்" என்று அச்சடித்திருந்தது. பிதுக்கினேன், அவித்த இறால் மாதிரி வந்தது. யாருடைய தோல் என்று அதில் எழுதவில்லை. அதை மூடி ஓரமாகப் போட்டேன்.

கறுப்புக் குழாயை எடுத்துப் பூசினேன். தார்ச் சட்டி வந்தது. மண் நிறத்தை எடுத்துப் பூசினேன். காய்ந்த பலகை வந்தது. அக்கா எங்கும் இல்லை. ஒவ்வொரு புதனும் படம் வரைகிற மட்டை ஒன்றைக் கெடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஹெலன் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான்: இருட்டுக்குக் கறுப்பைப் போடாதே, சிவப்பும் நீலமும் போடு. மற்றதை நானே தேட வேண்டியிருந்தது.

தேடுவதற்கு எனக்கு ஒரு வழி தோன்றியது. நாங்கள் மாத்தளைக்காரர்கள், சரக்குச் சாமான் வாசத்தில் வளர்ந்தவர்கள். கொழுந்து இல்லாத நாளில் அக்கா ஒரு தோட்டத்துக்குக் கராம்பு காய வைக்கப் போவாள். சாதிக்காய் உடைப்பாள். வெயிலில் படங்கு விரித்து அதன் மேல் குந்தியிருக்கும்போது அவள் கையும் காய்ந்த கராம்பும் ஒரே நிறம் என்று நான் கேலி செய்வேன். அந்த நினைவு வந்ததும் தமிழ்க் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த, நம் நாட்டு வடக்குப் பக்கத்து அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டா.

"இல்லங்க, மாத்தளை."

"மாத்தளையிலயும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ?"

"இருக்கோம். நீங்க காலையில குடிச்ச தேத்தண்ணிக்கு கொழுந்த வேற யாரு ஆய்ஞ்சான்னு நெனச்சீங்க?" என்றேன். அவ சிரித்துவிட்டு ஒரு பிடி கராம்பு கூடப் போட்டா. இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லித்தான் வருகிறேன். சொல்லாமல் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கராம்பு, உடைக்காத சாதிக்காய், மிளகு மூன்றையும் ஒரு பீரிஸ் தட்டில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். நிறத்தைக் குழைத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி குழைத்தேன். நெற்றிக்குச் சாதிக்காய் ஓட்டின் பளபளப்பு. கன்னத்துக்குக் கராம்பு. கழுத்துக்கும் கண்ணோரத்துக்கும் மிளகு. பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பல்வலியாம். அறை முழுக்க, கராம்பு மூட்டை அடுக்குகிற ஸ்டோர் வாசம் வந்துவிட்டது.

பிறகு ஒரு புதன். கன்ன எலும்பின் மேல் கொஞ்சம் நீலத்தை இழுத்தேன். உச்சி வெயிலில் மலையிலிருந்து இறங்கி வரும்போது, வேர்வையோடு அக்கா கன்னத்தில் வானம் நீலமாக அடிக்கும். அது ஞாபகத்தில் இருந்தது என்றே எனக்குத் தெரியாது, கைதான் செய்தது. தூரிகையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அக்கா நின்றாள். இன்னும் மூக்கில்லை, வாயில்லை. ஆனாலும் அவள்தான்.

அழுதேன். அடக்கத்தன்று வராத அழுகை, கருமாதியன்று வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு, "யக்கா யக்கா" என்று லயத்தில் ஒப்பாரி வைக்கிற மாதிரி அந்த வகுப்பு அறையில் கத்தினேன். கிழவிகள் பார்த்தார்கள். ஒருத்தி தன்னுடைய கைக்குட்டையை மேசை மேல் தள்ளினாள். யாரும் என்னை அடக்கச் சொல்லவில்லை.

வகுப்புக் கதவில் "படம் வரைந்து மனதை ஆற்றுவோம்" என்ற கருத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எனக்கு மனம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆறவும் வேண்டாம். ஆனால் அன்றைக்கு இரவு கண்ணை மூடியபோது பட்டுச் சேலை அம்மா வரவில்லை. தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு என் அக்கா வந்தாள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான், அதை நான் சண்டை போட்டு வாங்கினேன்.

6

வாயை மூடி வரைவதா, திறந்து வரைவதா என்று யோசிக்கவே இல்லை. அக்கா வாய் மூடியிருந்த நேரம் குறைவு. வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு, ஒரு பக்கம் புகையிலை அடக்கிய கன்னத்தோடு, யாரையோ கிண்டல் பண்ணிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு. தழும்பையும் போட்டேன். கழுத்தில் ஒன்றும் போடவில்லை.

படத்தைப் போனில் எடுத்து யோகேஸுக்கு அனுப்பினேன். தெவசத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன், ஸ்டூடியோப் படத்தை இறக்கிவிட்டு இதை மாட்டு என்று எழுதினேன். உடனே கூப்பிட்டான்.

"சின்னம்மா, கோவிக்காதீங்க. செத்தவங்க சிரிக்கிற மாதிரி படம் வச்சா வீட்டுக்கு ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதோட..."

"அதோட?"

"ரொம்பக் கறுப்பா இருக்கு."

"ஒங்கம்மா வேற எப்படிடா இருந்தா?"

"தெரியும் சின்னம்மா. எனக்குத் தெரியாதா? ஆனா வாறவங்க போறவங்க பாக்கணும். எங்கம்மாவ எல்லாரும் காலம் பூரா கறுப்பின்னு கேவலப்படுத்துனாங்க. சொவத்துலயாவது அழகா இருக்கட்டுமே. நீங்க வரைஞ்சத நீங்க அங்கயே மாட்டிக்கங்க."

போனை வைத்துவிட்டான். எனக்குக் கோபமாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவனும் அக்காவுக்காகத்தான் சண்டை போடுகிறான் என்று விளங்கியது. விளங்கினாலும் நான் இறங்கிப்போகவில்லை. படத்தைத் துவாயில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். நிறக் குழாய்களையும் இரண்டு தூரிகையையும் மேலே போட்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். துவாயை விலக்கிப் பார்த்துவிட்டு, விற்கிறதுக்கா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, என் அக்கா என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அக்கா நல்லாச் சிரிக்கிறாங்களே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, துவாயைத் திரும்பப் போர்த்தி அனுப்பினார். சொந்தக்காரன் சொல்லாததை அந்த மனுஷன் சொன்னார்.

7

யோகேஸ் இரத்தோட்டை டவுனுக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு கட்டியிருக்கிறான். ஹோலில் ஸ்டூடியோப் படம், மின்சார மாலை மினுங்க. அதை இறக்க அவன் சம்மதிக்கவில்லை. நானும் என் படத்தைத் திரும்பப் பெட்டியில் வைக்கச் சம்மதிக்கவில்லை. ஹோலில் உரத்துப் பேசிக்கொண்டோம், அது ரோட்டுக்குக் கேட்டிருக்கும். கடைசியில் குசினியில் அரிசிப் பெட்டி மேல் அக்காவைச் சாய்த்து வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவினேன்.

தெவசப் படையல் ஹோலில் தயாரானது. வாழையிலையில் அக்காவுக்குப் பிடித்ததெல்லாம்: ரொட்டி, கருவாட்டுக் குழம்பு, மாசிச் சம்பல், பால் விடாத சாயத் தேத்தண்ணி. வெற்றிலை கொண்டுவர வேண்டியது ராமாயி. அக்காவோடு பக்கத்து நிரையில் ஆயுசுக்கும் கொழுந்தெடுத்தவள். அக்காவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது எப்போதும் அவள்தான். மேலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள், கூட நாலைந்து பெண்கள். கருமாதிக்குக் காய்ச்சலில் கிடந்ததால் அந்தப் படத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனவள் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யோகேசு, இது யாருக்குடா வைக்கிறது?"

"அம்மாவுக்குத்தான் பெரியம்மா."

"இந்தம்மாவா? இந்தம்மா வெத்தல போடுறவ மாதிரி தெரியலயே. ஒதட்டுல சாயம் பூசிக்கிட்டு, தொரசாணி கணக்கா. இவளுக்கு என்னத்துக்குடா என் வெத்தல?"

ராமாயி பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு, சுண்ணாம்பு எங்கே என்று கேட்டபடி குசினிக்குள் வந்தாள். அரிசிப் பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய் செல்லாயி" என்று கூப்பிட்டாள். உயிரோடு இருக்கிறவளைக் கூப்பிடுகிற குரல். "எங்கடி போன இவ்வளவு நாளா? மொகமே மறந்து போச்சேடி பாவி."

தரையில் உட்கார்ந்தாள். வெற்றிலையைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்தாள். படத்தின் காலடியில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். அவள் சத்தம் கேட்டு ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். குசினி நிறைந்துவிட்டது. ஒருத்தி தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி, "கணக்கப்புள்ளய ஏசிட்டு வந்து நின்னு சிரிப்பாளே, அதே சிரிப்பு" என்றாள். அழுகையும் சிரிப்புமாக, படையலை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஹோலில் மின்சார மாலையும் யோகேஸும்தான் மிச்சம்.

அவன் கடைசியாக வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சிவந்திருந்தது.

"எங்கம்மா கழுத்துல ஒரு நாளும் தங்கம் ஏறல, சின்னம்மா. மஞ்சக் கயித்தோடயே இருந்துச்சு, அதுவும் அப்பா போனப்பொறகு இல்ல. நான் சம்பாரிச்சு ஒரு சங்கிலி வாங்கிக் குடுக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள போயிருச்சு. அதான் படத்துல போடச் சொன்னேன். அது தப்பா?"

ஆனாலும் சொன்னேன். "சங்கிலி போட்டது தப்பில்லடா. சங்கிலிக்காக ஒங்கம்மாவையே மாத்துனியே, அதுதான் தப்பு."

"அப்ப இதுல போட்டுக் குடுங்க."

பெட்டியைத் திறந்து மஞ்சளையும் மண் நிறத்தையும் ஒரு பீங்கானில் குழைத்தேன். தூரிகையை அவன் கையில் கொடுத்தேன். "வாங்கிக் குடுக்க நெனச்சது நீ. நீயே போடு."

அவன் மாட்டேன் என்றான். ராமாயி, "போடுடா, ஒங்கம்மா காத்துக்கிட்டு நிக்கிறா" என்று அதட்டினாள். மண்டியிட்டு உட்கார்ந்தான். போனுக்குள் இருக்கிற பொடி ஆணிகளையெல்லாம் கழற்றி மாட்டுகிற கையால் தூரிகையைப் பிடித்தான். அந்தக் கறுத்த கழுத்தில் ஒரு கோடு இழுத்தான். கோணலாகப் போனது. திருத்தப் போய் இன்னும் தடித்தது.

"என்னாடா இது, ஆட்டுக்குக் கட்டுற கயிறு மாதிரி இருக்கு" என்றாள் ராமாயி.

எல்லாரும் சிரித்தோம். யோகேஸும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, தாயின் முகத்தைப் பார்த்தபடி, விக்கி விக்கி அழுதான். செத்த அன்றைக்கு அழுததற்குப் பிறகு இந்தப் பிள்ளை அழவே இல்லை என்று அவன் பெண்சாதி என் காதில் சொன்னாள்.

நிறம் காய்ந்ததும் அவனே ஏணியைக் கொண்டுவந்து போட்டான். ஸ்டூடியோப் படத்தை எங்கே வைத்தான் என்று நான் கேட்கவில்லை. அக்கா ஹோலில் ஏறினாள், கறுப்பாக, சிரித்துக்கொண்டு, கோணல் சங்கிலியோடு. படையலை மறுபடி அவளுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். வீட்டுக்கு ஆகாது என்று சொன்னவர்கள் வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். வந்தால் யோகேஸ் தேத்தண்ணியும் கொடுப்பான்.

8

திரும்பி வந்த கிழமையே அடுத்த மட்டையை வாங்கினேன். இந்தத் தடவை என் முகம்.

குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்து, விடுமுறை நாளில் உட்கார்ந்து வரைகிறேன். இரட்டை நாடி, கண்ணுக்குக் கீழே பை, சூப்பு ஆவியில் வெந்த நெற்றி. எதையும் விடவில்லை.

அனு வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, வாட் இஸ் திஸ் ஃபோர்?"

"என் சாவுப் படம்."

பயந்துவிட்டாள். "ஆர் யூ சிக்?"

"ஒரு நோயும் இல்ல. ரொம்ப நாள் இருப்பேன். ஆனா நான் போன பொறகு என் மூஞ்சிய எவன்கிட்டயும் குடுத்து வெளுக்கச் சொல்லிடாத. இதத்தான் மாட்டணும். எவன் வந்து என்ன சொன்னாலும் எறக்கக் கூடாது. சரியா?"

அவள் படத்தைப் பார்த்தாள். மெல்ல, என் மனம் நோகாமல் சொல்ல வேண்டுமே என்கிற மாதிரி, "நீ இவ்வளவு கறுப்பில்லம்மா" என்றாள். தமிழில்.

"கிட்ட வா."

வந்தாள். என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு கிட்ட நின்று என் பிள்ளை என் முகத்தைப் பார்த்து எத்தனையோ காலம். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. நான் அசையவில்லை.

பிறகு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தூரிகையை என் கையிலிருந்து வாங்கினாள்.

"இல்ல, இன்னும் கறுப்பு" என்றாள்.